படத்தை ‘இறக்கும்’ முறைகள் – ஒரு மதிப்பீடு

நெல் மூட்டையை வண்டியிலிருந்து இறக்குகிறோம். இறக்கியபின் மூட்டை வண்டியில் இல்லை, களஞ்சியத்தில் இருக்கிறது. எந்த ஒரு கணத்திலும் அது ஒரே மூட்டைதான். டிஜிட்டல் காமிராவில் எடுத்த படங்களைக் கணிப்பொறிக்குக் கொண்டு செல்வதையும் நாம் இதே சொல்லால்தான் குறிக்கிறோம். “படங்களை இறக்கியாயிற்றா?” என்று ஒருவர் கேட்கிறார். “இறக்கியாயிற்று, கார்டைக் காலி செய்துவிடலாம்” என்று மற்றவர் விடை சொல்கிறார்.

சொல் எளிமையானது, ஆனால் உண்மையன்று. படம் மூட்டையைப் போன்றதன்று. காமிராவிலிருந்து எதுவும் புறப்பட்டு வருவதில்லை. காமிராவில் எண்களாகப் பதிந்திருப்பதைக் கணிப்பொறி வாசித்து, அதே எண்களைத் தன்னிடத்தில் எழுதிக் கொள்கிறது. அதன்பின் மூலம் அழிக்கப்படுகிறது. ஆகவே ‘இறக்குதல்’ என்பது ஒரு செயலன்று. படியெடுத்தல், அழித்தல் என்னும் இரு செயல்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தாக வேண்டும். அதுதான் சரிபார்த்தல்.

காமிரா நிறுவனங்களும் கணிப்பொறி நிறுவனங்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நமக்கு அமைத்துத் தந்துள்ள வழிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதற்செயலை விரைவாக்க அவர்கள் பெரிதும் உழைத்திருக்கிறார்கள். மூன்றாவது செயலை எளிதாக்கவும் மறக்கவில்லை. நடுவில் நிற்க வேண்டிய சரிபார்த்தலை மட்டும் நம் தலையில் கட்டிவிட்டு, அப்படிக் கட்டியதை நமக்குச் சொல்லவுமில்லை. இக்குறையையே இக்கட்டுரை ஆராய்கிறது.

நெகடிவ் என்னும் காப்பு

பிலிம் காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை. படச்சுருளைக் கழுவியதும் நெகடிவ் கிடைத்தது. அதிலிருந்து எத்தனை பிரதிகள் வேண்டுமாயினும் எடுத்துக் கொள்ளலாம். பிரதி கிழிந்தாலும் நெகடிவ் பீரோவிலோ ஸ்டூடியோவிலோ இருக்கும். அதைத் துடைத்துவிட்டு அதே சுருளில் மீண்டும் படமெடுப்பது எவராலும் இயலாத காரியம். அந்த இயலாமையே ஒரு காப்பாக அமைந்தது.

மெமரி கார்டில் ஒருமுறை எழுதியதை அழித்து மீண்டும் மீண்டும் எழுதலாம். டிஜிட்டல் முறையின் சிக்கனமும் அதுதான்; ஆபத்தும் அதுதான். கார்டு காலியாக வேண்டும் என்ற அவசரத்தில், கணிப்பொறியில் உள்ள படி சரியாக வந்ததா என்று பாராமலே நாம் மூலத்தை அழிக்கிறோம். மகளின் திருமணப் படமோ, மறைந்த பாட்டியின் கடைசிப் படமோ, அது கடக்க வேண்டிய ஆறு இந்த ஒன்றுதான். ஆற்றைக் கடந்ததா என்று உறுதி செய்யுமுன் பாலத்தை எரிக்கிறோம்.

ஆகவே படத்தை மாற்றும் எந்த முறையையும் மூன்று அளவுகோல்களால் அளந்து பார்ப்பது பொருத்தமாகும். முதலாவது காவல்: படி சரியென்று தெரியும்வரை மூலம் நிலைத்திருக்கிறதா? இரண்டாவது முழுமை: படம் தன் நுணுக்கமும், எடுத்த நாள் நேரம் முதலிய குறிப்புகளும் குறையாமல் வந்து சேருகிறதா? மூன்றாவது விடுதலை: ஏதோ ஒரு நிறுவனத்தின் தயவின்றி, எந்தக் கணிப்பொறியிலும் நம் படத்தை நாமே எடுத்துக் கொள்ள முடிகிறதா?

கம்பி வழியின் தொடக்கம்

அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் 1975-ஆம் ஆண்டு ஸ்டீவன் சாசன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய மாதிரிக் கருவியே டிஜிட்டல் காமிராக்களின் முன்னோடி. அது 100 × 100, அதாவது 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தது. ஒரு படத்தைச் சாதாரண ஒலிநாடாக் கேசட்டில் பதிக்க அதற்கு 23 விநாடிகள் ஆயின. பின்னர் அந்தக் கேசட்டைக் கழற்றி வேறொரு கருவியில் பொருத்தித் தொலைக்காட்சித் திரையில் படத்தைக் கண்டனர். கழற்றி எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொருளில் படம் இருக்க வேண்டும் என்ற கருத்து அந்த முதற்கருவியிலேயே இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்க.

கடைக்கு வந்த தொடக்ககாலக் காமிராக்கள் இந்தப் பாடத்தை மறந்தன. 1990-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டைகாம் மாடல்-1 காமிரா 32 கறுப்பு வெள்ளைப் படங்களைத் தன்னுள் இருந்த நினைவகத்தில் வைத்திருந்தது. மின்சாரம் உள்ளவரை மட்டுமே செய்தியைத் தாங்கும் நினைவகம் அது. பாட்டரி தீர்ந்தால் படங்களும் தீர்ந்தன. 1994-இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட குவிக்டேக்-100 காமிரா 640 × 480 புள்ளிகள் கொண்ட 8 படங்களைக் கொள்ளும். இவற்றிலிருந்து படத்தை வெளியே எடுக்கத் தொடர்நிலைக் கம்பி ஒன்றே வழி.

அக்கம்பியின் வேகத்தை ஒரு கணக்கால் உணரலாம். கணிப்பொறியின் தொடர்நிலை இணைப்பு மிக விரைவாக இயங்கும்போது விநாடிக்கு 1,15,200 பிட்டுகளை அனுப்பும். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கக் குறி, முடிவுக் குறி ஆகியவற்றையும் சேர்த்து 10 பிட்டுகள் தேவை. ஆகவே விநாடிக்கு 11,520 பைட்டுகள். 100 கிலோபைட் அளவுள்ள அக்காலப் படம் ஏறத்தாழ 9 விநாடியில் வந்துவிடும். ஆனால் இன்றைய காமிராவின் 10 மெகாபைட் படம் ஒன்று வந்து சேர 14 நிமிடங்களுக்கு மேல் ஆகும். 1,000 படங்களுக்கு இரவு பகலாகப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

மெதுவாக இருந்ததைக்கூட மன்னிக்கலாம். அது அக்கால மின்னணுவியலின் எல்லை. பெருங்குறை வேறு. ஒவ்வொரு காமிராவும் தன் நிறுவனத்தாரின் மென்பொருளோடு மட்டுமே பேசியது. அந்த மென்பொருள் தொலைந்தாலும், கணிப்பொறி புதுப்பிக்கப்பட்டாலும், படங்கள் காமிராவுக்குள் சிறைப்பட்டன. விடுதலை என்னும் மூன்றாம் அளவுகோலில் இக்கருவிகள் தேறவில்லை.

பிளாப்பி தந்த பாடம்

1997-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் ஒரு விந்தையான காமிராவை வெளியிட்டது. மாவிகா வரிசையைச் சேர்ந்த அந்தக் காமிராவின் வயிற்றில் மூன்றரை அங்குலப் பிளாப்பித் தட்டு ஒன்றைச் செருக வேண்டும். படங்கள் நேரே அதில் பதிந்தன. பின்னர் தட்டை உருவிக் கணிப்பொறியில் செருகினால் போதும். கம்பி வேண்டாம், தனி மென்பொருள் வேண்டாம்.

பொறியியல் நோக்கில் இது பின்னோக்கிய அடி என்று சொல்பவர் உண்டு. தட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட்தான், சில பத்துப் படங்களுக்கு மேல் கொள்ளாது. கருவியும் பருமனானது. ஆயினும் அமெரிக்காவில் அது நன்கு விற்பனையாயிற்று. காரணம் எளிது. அன்று பிளாப்பி இயக்கி இல்லாத கணிப்பொறி அரிது. படத்தைப் பெறுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மக்கள் நுணுக்கத்தைவிட விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்கள் எனலாம்.

ஒரு பொது உடன்பாடு

பிளாப்பி மறைந்தது, அது கற்பித்த பாடம் மறையவில்லை. 1990-களில் தோன்றிய மெமரி கார்டுகள், மின்சாரம் நின்றாலும் செய்தியைக் காக்கும் ஃபிளாஷ் வகை நினைவகத்தால் ஆனவை. ஆனால் கார்டு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் படங்களை எந்தப் பெயரில், எந்த இடத்தில், எந்த வடிவில் வைப்பது என்பதிலும் ஒற்றுமை வேண்டுமன்றோ?

இந்த ஒற்றுமையை உண்டாக்கியது ஜப்பானின் மின்னணுத் தொழில் வளர்ச்சிக் கழகம். 1995-இல் ‘எக்ஸிஃப்’ என்னும் தரநெறியை அது வெளியிட்டது. படத்தின் கோப்புக்குள்ளேயே எடுத்த நாள், நேரம், துளையளவு, ஒளிபடு நேரம் போன்ற குறிப்புகளை எழுதி வைக்கும் முறை அது. 1998 டிசம்பரில் ‘டி.சி.எஃப்.’ என்னும் மற்றொரு தரநெறி வந்தது. கார்டில் ‘டி.சி.ஐ.எம்.’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்க வேண்டும். அதனுள் 100 முதல் 999 வரையிலான எண்ணோடு தொடங்கும் உட்கோப்புறைகள். அவற்றுள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பெயரில் படங்கள் என்று அது வகுத்தது.

இன்று உங்கள் கைப்பேசியின் படங்களும் அந்த ‘டி.சி.ஐ.எம்.’ கோப்புறையில்தான் கிடக்கின்றன. பல்வேறு நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடும் துறையில், கால் நூற்றாண்டுக்கு மேலாக ஓர் எளிய பெயரிடும் விதி நிலைத்திருப்பது பாராட்டத்தக்க செய்தி. ஜப்பானியக் காமிராவின் கார்டை அமெரிக்க மென்பொருள் இயங்கும் கணிப்பொறியில் செருகினால், எவரும் கற்றுக் கொடுக்காமலே அது படங்கள் இருக்குமிடத்தைக் காண்கிறது. விடுதலை என்னும் அளவுகோலில் இந்த உடன்பாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

உடன்பாட்டின் ஓட்டைகள்

பாராட்டியதனால் குறைகளை மறைக்கலாகாது. முதற்குறை எண்ணிடுதலில் உள்ளது. நான்கு இலக்கத்தில் 0001 முதல் 9999 வரைதான் எண்ணலாம். அதற்கடுத்த படம் மீண்டும் 0001 ஆகிறது. பிலிம் காலத்தில் பத்தாயிரம் படம் என்பது பலருக்கு வாழ்நாள் கணக்கு. இன்றோ ஒரு திருமணத்திலேயே இரண்டாயிரம் படம் எடுப்பவர் உண்டு. பழைய 0001-ஆம் படம் இருக்கும் கோப்புறையில் புதிய 0001-ஆம் படத்தைப் போடும்போது, “பழையதை நீக்கிப் புதியதை வைக்கலாமா?” என்று கணிப்பொறி கேட்கிறது. களைப்பில் ‘ஆம்’ என்று அழுத்தினால், முன்னொரு நாளின் நினைவு ஒன்று சத்தமின்றி மறைகிறது. ஒரே நிறுவனத்தின் இரு காமிராக்களை ஒரே விழாவில் பயன்படுத்தினாலும் இதே மோதல் நேரும்.

இரண்டாவது குறை நேரத்தில் உள்ளது. எக்ஸிஃப் குறிப்பில் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் இருந்தன. ஆனால் அது எந்த நாட்டு மணி என்று குறிக்க இடமில்லை. இந்திய நேரத்தில் கடிகாரம் வைத்த காமிராவோடு சிங்கப்பூர் செல்பவர், அங்கு மாலை ஆறரைக்கு எடுத்த படத்தில் மாலை நான்கு மணி என்றே பதியும். உள்ளூர் நண்பர் எடுத்த படங்களோடு சேர்த்து நேரவரிசையில் அடுக்கினால், விருந்தின் முடிவு அதன் தொடக்கத்துக்கு முன்னே வந்து நிற்கும். உலக நேரத்திலிருந்து எத்தனை மணி வேறுபாடு என்று குறிக்கும் தனியிடம் 2016-இல் வெளிவந்த எக்ஸிஃப் 2.31 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதாவது 21 ஆண்டுகள் கழித்து! உலகமெங்கும் விற்கும் கருவிக்கு விதி வகுத்தவர்கள், அக்கருவி நாடு விட்டு நாடு செல்லும் என்பதை நினையாமற்போனது வியப்பே.

மூன்றாவது குறைதான் நம் முதற்கேள்வியோடு தொடர்புடையது. படத்தை எங்கே வைப்பது என்று வகுத்த உடன்பாடு, அது பழுதின்றிப் படியெடுக்கப்பட்டதா என்று அறியும் வழியை வகுக்கவில்லை. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

சாவி கொடுப்பதா, சீட்டு கொடுப்பதா?

1996-இல் யு.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு வந்ததும் கம்பியின் வேகக்குறை நீங்கத் தொடங்கிற்று. அதன் முதற்பதிப்பு விநாடிக்கு 120 இலட்சம் பிட்டுகளை அனுப்பியது. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பு 48 கோடி பிட்டுகளை அனுப்பியது. முன்பு 14 நிமிடங்கள் பிடித்த 10 மெகாபைட் படம், ஏட்டுக் கணக்கின்படி ஒரு விநாடியின் ஆறிலொரு பங்கில் வந்துவிடும். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக ஆயினும் அது கண்ணிமைக்கும் நேரமே.

ஆனால் கம்பி வழியே பேசும் மொழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, காமிரா தன்னை ஒரு வட்டு இயக்கியாகக் காட்டிக்கொள்ளும் முறை. இதைக் களஞ்சியத்தின் சாவியையே கணிப்பொறியிடம் கொடுப்பதற்கு ஒப்பிடலாம். கணிப்பொறி உள்ளே போய் வேண்டியதை எடுக்கலாம்; வைக்கலாம்; அழிக்கலாம். மற்றொன்று, 2000-இல் தரநெறியாக்கப்பட்ட ‘பி.டி.பி.’ என்னும் படமாற்று முறை. இது நூலகத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் வாங்குவது போன்றது. “இந்த எண்ணுள்ள படத்தைத் தருக” என்று கணிப்பொறி கேட்கும். காமிரா எடுத்துத் தரும். கார்டின் உள்ளமைப்பைக் கணிப்பொறி தொடுவதில்லை.

சீட்டு முறைக்கு நல்ல காரணம் உண்டு. ஒரே கணக்குப் புத்தகத்தில் இரு கணக்கப்பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்குக் குழம்பும். காமிராவும் கணிப்பொறியும் ஒரே கார்டில் ஒரே நேரத்தில் எழுதினாலும் அப்படித்தான். ஆகவே சாவி முறையில், இணைத்திருக்கும் வரை காமிரா தன் கார்டைத் தானே தொட முடியாது. கைப்பேசிக்கு இது பெருந்தொல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 2011-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் சாவி முறையை விட்டு, பி.டி.பி.யிலிருந்து வளர்ந்த ‘எம்.டி.பி.’ என்னும் சீட்டு முறைக்கு மாறியது இதனால்தான்.

காரணம் நியாயமானதே. ஆயினும் இழந்ததையும் சொல்ல வேண்டும். சாவி முறை எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒன்றுபோல் இயங்கியது. எம்.டி.பி. முறை விண்டோஸ் கணிப்பொறிகளில் எளிதாக இயங்க, மாக் கணிப்பொறிகளுக்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. மேலும் சீட்டு முறையில் கார்டு உண்மையான வட்டாகத் தோன்றுவதில்லை. ஆகவே வட்டிலுள்ள கோப்புகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பொதுவான மென்பொருள்கள் பல அங்கே செயலற்றுப் போகின்றன. காவலுக்கென்று வந்த முறை, காவலுக்கான கருவிகளையே தடுக்கிறது.

கம்பியில்லா வசதியும் கைவிலங்கும்

2007-இல் ஐ-ஃபை என்னும் அமெரிக்க நிறுவனம், கம்பியில்லா இணைப்பைத் தன்னுள் அடக்கிய மெமரி கார்டு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காமிராவோடு வீட்டுக்குள் நுழைந்தால் போதும். படங்கள் தாமாகவே கணிப்பொறிக்குப் போய்ச் சேரும். பொறியியல் சாதனை என்ற வகையில் இதைப் பாராட்டத்தான் வேண்டும். தபால்தலையைவிடச் சற்றே பெரிய தகட்டுக்குள் நினைவகமும் வானொலிக் கருவியும் சேர்ந்து இயங்கின.

ஆனால் அந்தக் கார்டை அமைக்கவும் இயக்கவும் அந்நிறுவனத்தின் மென்பொருளும் அதன் இணையச் சேவையும் தேவைப்பட்டன. 2016-இல் தன் பழைய வகைக் கார்டுகளுக்கான ஆதரவை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. கார்டுகள் பழுதாகவில்லை, வானொலியும் நினைவகமும் நன்றாகவே இருந்தன. எங்கோ இருந்த சேவை நின்றதால், விலை கொடுத்து வாங்கிய வசதி வீணாகும் நிலை உண்டாயிற்று. 1990-களின் தொடர்நிலைக் கம்பிக் காமிராக்களுக்கு நேர்ந்த அதே கதி, புதுக் கோலத்தில் திரும்பி வந்தது.

இன்று காமிராக்களில் கம்பியில்லா இணைப்பு உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆயினும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் செயலி வழியேதான் அது கைப்பேசியோடு பேசுகிறது. புதிய கைப்பேசிக்குச் செயலி புதுப்பிக்கப்படாத நாளில் என்னாகும் என்ற கேள்வியை வாங்கும்போதே கேட்பது நல்லது. ஒரு நிம்மதி உண்டு: அந்தக் காமிராவின் பக்கவாட்டில் கார்டு செருகும் இடம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்வரை விடுதலை முற்றிலும் பறிபோகவில்லை.

வழியில் குறைவது

முழுமை என்னும் அளவுகோலையும் மறக்கலாகாது. 2017-இல் ஐஃபோன்கள் ‘எச்.இ.ஐ.சி.’ என்னும் புதிய வடிவில் படங்களைச் சேமிக்கத் தொடங்கின. பழைய ஜே.பி.இ.ஜி. வடிவைவிட இதில் இடம் குறைவாகப் போதும். கணிப்பொறிக்கு மாற்றும்போது ‘தானியங்கி’ என்ற அமைப்பு இருந்தால், தேவைப்படும் இடத்தில் படத்தை ஜே.பி.இ.ஜி. ஆக மாற்றியே அது அனுப்புகிறது. ‘மூலத்தை அப்படியே வைத்திரு’ என்ற அமைப்பு இருந்தால்தான் எடுத்த கோப்பே வருகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது நன்று. ஆனால் மாற்றம் நடக்கும் வேளையில் எவரும் நம்மிடம் சொல்வதில்லை.

இதனினும் மோசமானது, வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் வழியே படத்தைக் கணிப்பொறிக்கு அனுப்பிக் கொள்வது. படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்குகிறது. எடுத்த நாள் நேரக் குறிப்புகளையும் நீக்கிவிடுகிறது. கைப்பேசியின் சிறு திரையில் வேறுபாடு தெரியாது. பத்தாண்டு கழித்துப் பெரிதாக்கி அச்சிடும்போதுதான், கையிலிருப்பது படத்தின் எலும்புக்கூடு என்பது தெரியும். அவ்வழியைத் தவிர்க்க முடியாவிட்டால், படமாக அன்றி ஆவணமாக இணைத்து அனுப்புவது நல்லது.

விடுபட்ட நடுச்செயல்

இப்போது முதற்குற்றச்சாட்டுக்குத் திரும்புவோம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, காமிராவை இணைத்ததும் படங்களைப் படியெடுக்க வழிகாட்டும் வசதியைத் தந்தது. அதிலேயே, படியெடுத்தபின் காமிராவிலுள்ளவற்றை அழித்துவிடும் தேர்வும் இருந்தது. இன்றும் படங்களைச் சேர்க்கும் மென்பொருள்கள் பலவற்றில் இத்தேர்வைக் காணலாம். கோப்பை ‘வெட்டி ஒட்டும்’ பழக்கமும் இதே வகைதான். கார்டிலிருந்து வன்வட்டுக்கு ‘நகர்த்து’ என்று ஆணையிட்டால், கணிப்பொறி படியெடுத்து, பின் மூலத்தை அழிக்கிறது. வன்வட்டில் எழுதியதை மீண்டும் வாசித்து மூலத்தோடு ஒப்பிடுவது வழக்கமாக நடப்பதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. படியெடுக்கும்போது கணிப்பொறி கார்டை வாசிக்கிறது, அவ்வளவே. நகர்த்தும்போதோ, அழிப்பதற்காகக் கார்டில் எழுதுகிறது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை திருத்தப்படும் அந்த நேரத்தில் கம்பி பிடுங்கப்பட்டாலோ மின்சாரம் நின்றாலோ, அட்டவணையே சிதையலாம். வாசிப்பில் தடை ஏற்பட்டால் மீண்டும் தொடங்கலாம். எழுத்தில் தடை ஏற்பட்டால் உள்ளதும் போகலாம்.

“யு.எஸ்.பி. கம்பியிலேயே பிழை காணும் ஏற்பாடு உண்டே?” என்று மாணவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஒவ்வொரு செய்திப் பொதியோடும் ஒரு சரிபார்ப்பு எண் செல்கிறது. பொருந்தாவிடில் பொதி மீண்டும் அனுப்பப்படுகிறது. ஆனால் அது கம்பிக்கு மட்டுமே காவல். பழுதடைந்த கார்டு தவறாக வாசித்தாலும், வன்வட்டு தவறாக எழுதினாலும், பாதியில் பணி நின்றாலும் அது அறியாது. தபால்காரர் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தார் என்பதனால், கடிதம் கிழியாமல் எழுதப்பட்டது என்றாகாது.

“திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தன” என்பாரும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் பார்த்தது சிறுபடங்களைத்தான். டி.சி.எஃப். விதிப்படி ஒவ்வொரு கோப்பின் முற்பகுதியிலும் 160 × 120 புள்ளிகள் கொண்ட ஒரு சிறுபடம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. விரைவாகக் காட்டுவதற்காகச் சில மென்பொருள்கள் அதனையே எடுத்துக் காட்டுகின்றன. கோப்பின் பிற்பகுதி வராமற்போயிருந்தாலும் சிறுபடம் அழகாகவே தெரியும். பெரிதாக்கும்போதுதான் மேற்பாதியில் முகங்களும் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறமும் தோன்றும். அதற்குள் கார்டில் வேறு படங்கள் ஏறியிருக்கும்.

சரிபார்ப்பது அத்தனை கடினமா? இல்லை. கோப்பிலுள்ள எண்கள் அனைத்தையும் ஒரு சூத்திரத்தில் இட்டு ஒரு முத்திரை எண்ணைப் பெறலாம். எளிய எடுத்துக்காட்டாக 12, 45, 7 என்னும் எண்களின் கூட்டுத்தொகை 64. படியிலும் 64 வந்தால் பொருத்தம் என்று கொள்ளலாம். ஆனால் 45, 12, 7 என்று வரிசை மாறினாலும் 64-தான் வரும். ஆகவே எண்ணின் இடத்தையும் கணக்கில் கொள்ளும் சிக்கலான சூத்திரங்களைப் பயன்படுத்துகின்றனர். மூலத்தின் முத்திரை எண்ணும் படியின் முத்திரை எண்ணும் ஒன்றாயின், இரண்டும் ஒன்றே என்று துணியலாம். திரைப்படத் தொழிலில் படப்பிடிப்புத் தளத்திலேயே கார்டுகளைப் படியெடுப்போர் இம்முறையை வழக்கமாகக் கையாளுகின்றனர்; பொருத்தம் தெரிந்தபின்தான் கார்டு அழிக்கப்படும். தொழிலில் இருப்பவருக்கு இன்றியமையாத இந்தக் காவலை, வீட்டில் இருப்பவருக்கு வழக்கமான வசதியாக ஏன் தரலாகாது? நேரம் சற்றுக் கூடும் என்பதைத் தவிர வேறு தடையில்லை.

நாம் செய்யத்தக்கவை

நிறுவனங்கள் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. காமிராவில் கழற்றத்தக்க கார்டு இருந்தால், அதைக் கழற்றிக் கார்டு வாசிப்பியில் செருகிப் படியெடுப்பதே மூன்று அளவுகோல்களிலும் முதலிடம் பெறும் முறை. பெரிய அளவு எஸ்.டி. கார்டின் ஓரத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. செருகுமுன் அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டால், கணிப்பொறி எழுத முயலாது. ஆனால் அத்தாழ்ப்பாள் வாசிப்பிக்குக் காட்டும் அடையாளமே. கார்டின் உள்ளே எதையும் அது பூட்டுவதில்லை. ஆகவே அதை ஒரு துணையாக மட்டுமே கொள்க.

‘நகர்த்து’ என்பதை விடுத்து ‘படியெடு’ என்பதையே எப்போதும் பயன்படுத்துக. ஒவ்வொரு முறையும் நாளைப் பெயராகக் கொண்ட புதுக் கோப்புறையில் படங்களை வைத்தால், 0001 எண்கள் மோதிக்கொள்ளா. படியெடுத்தபின் இருபுறமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுக. சில படங்களையேனும் முழு அளவில் திறந்து கீழ் விளிம்புவரை பார்க்க. வேறொரு வட்டில் இரண்டாம் படி எடுத்து முடித்த பின்பே கார்டை அழிக்க.

தவறி அழித்துவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டாம். கார்டில் அழிப்பு என்பது வழக்கமாக அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று குறிப்பதே. படத்தின் எண்கள் அங்கேயே கிடக்கும். அதன்மேல் புதுப்படம் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள்கள் அவற்றைத் தேடி எடுக்கக்கூடும். ஆகவே அக்கணமே காமிராவை நிறுத்திக் கார்டைக் கழற்றி வைக்க வேண்டும். இன்னும் ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று முயல்வதுதான் பெருந்தவறு.

முடிவாக, படமாற்று முறைகளின் வரலாற்றில் நாம் காண்பது ஒரு வளைவு. தனி நிறுவனத்தின் சிறையில் தொடங்கி, பிளாப்பியாலும் பொது உடன்பாட்டாலும் திறந்த வெளிக்கு வந்து, வசதி என்ற பெயரால் மீண்டும் செயலிகளின் வேலிக்குள் அது நுழைந்து கொண்டிருக்கிறது. வேகம் பல ஆயிரம் மடங்கு பெருகியும், வந்த படம் சரியாக வந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது. நெல் மூட்டையை இறக்கியவரும் எண்ணிப் பார்த்த பின்தான் வண்டியை அனுப்புகிறார். படத்தை இறக்குகிறவர் அந்த அளவுக்காவது விழிப்போடு இருத்தல் வேண்டும்.